பெயரிழந்த குடியும் பேர் காத்த பொத்தகமும்

(இலக்கிய மன்றக் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

ஒரு நாட்டின் பெயரை அந்நாட்டார் வாயிலிருந்து கேட்பது வேறு. அயலார் வாயிலிருந்து கேட்பது வேறு. பிரித்தானியத் தீவின் மேலைப் பக்கத்தே, மலையும் பள்ளத்தாக்குமாய்க் கிடக்கும் நிலத்தை உலகம் 'வேல்சு' என அழைக்கின்றது. அந்நிலத்து மக்களோ அதனைக் 'கம்ரி' என்பர். கம்ரி என்பதற்கு 'ஒரு நாட்டில் உடன் வாழ்வோர்' என்பது வேர்ப்பொருள். வேல்சு என்பதோ, பழைய ஆங்கிலத்தில் 'அயலான்' எனப் பொருள்படும் சொல்லினின்று பிறந்தது. பின்னால் வந்து குடியேறியவர்கள், முன்னரே அங்கு வாழ்ந்தவர்களை 'அயலார்' என்றனர்! அப்பெயரே உலக ஏடுகளில் நிலைத்தும் விட்டது! பெயர் என்பது வெறும் ஒலியன்று. அதன் பின்னே ஒரு வரலாறு ஒளிந்திருக்கின்றது என்பதற்கு இஃதொன்றே போதும்.

நாட்டுக்கு நேர்ந்ததே அந்நாட்டுக் குடியொன்றுக்கும் நேர்ந்தது. கம்ரி மொழியில் 'பகன்' என்றால் சிறியவன், இளையவன் என்று பொருள். பெயர்க்குப் பின் அடைமொழியாய் வருங்கால் அம்மொழியின் புணர்ச்சி முறைப்படி முதலெழுத்துத் திரிந்து 'வகன்' என நிற்கும். தந்தைக்கும் மகனுக்கும் ஒரே பெயர் அமைந்துவிட்டால், மகனைப் பிரித்துக் காட்ட இவ்வடைமொழியைச் சேர்ப்பர். இளஞ்சேட்சென்னி என்பதில் 'இளம்' நிற்பது போன்றதே இது. பிரெடுவார்டைன் என்னும் ஊரில் முதிய உரோசருக்குப் பிறந்த இளைய உரோசர், 'உரோசர் வகன்' எனப்பட்டான். அவன் ஒருவனுக்கு அடைமொழியாக இருந்த அச்சொல், ஆங்கில எழுத்தில் ஏறி, ஆங்கில நாவில் உருண்டு, 'வாகன்' எனத் திரிந்து, அவன் கால்வழியினர் அனைவர்க்கும் குடிப்பெயராகிவிட்டது. நூறகவை எய்திய கிழவனும் 'வாகன்' என்றே அழைக்கப்பட்டான். அச்சொல்லுக்கு 'இளையவன்' என்று பொருள் என்பதை அறிந்தவர் குறைந்துகொண்டே போயினர்.

அந்த வாகன் குடியின் வரலாறும், அதனைச் சுற்றிப் படர்ந்த கதைகளுமே இன்றைய பொழிவின் பொருள்.

கி.பி. 1282ஆம் ஆண்டு கம்ரி நாட்டின் வரலாற்றில் ஓர் இருண்ட ஆண்டு. அந்நாட்டின் தனியரசன் இலெவெலின் ஆப் கிரிப்பித்து அவ்வாண்டில் ஆங்கிலப் படையால் கொல்லப்பட்டான். 1284இல் இங்கிலாந்து மன்னன் முதலாம் எட்வர்டு, வென்ற நிலத்துக்குத் தன் ஆட்சிமுறையைச் சட்டமாக வகுத்தான். அரசவை அழிந்தது, அரசவைப் புலவர் புகலிடம் இழந்தனர். அப்பொழுது அம்மொழியைக் காத்தவர் யார்? நாட்டுப்புறத்து நிலக்கிழார்களே! 'உக்கெல்வீர்' என்று அம்மொழி கூறும் மேன்மக்கள் தம் மாளிகைக் கதவைப் புலவர்க்குத் திறந்து வைத்தனர். புலவர்கள் மாளிகைக்கு மாளிகை சென்று பாடினர், உண்டனர், பரிசில் பெற்றனர். மோனையும் இயைபும் பின்னிப் பிணைந்தாற் போன்ற 'கங்கனெத்து' என்னும் ஒலியிசைவு, அந்தக் கூடங்களில்தான் முழு வளர்ச்சி பெற்றது. முடியிழந்த நாட்டில் மொழி முடி சூடியிருந்த காலம் அது. வாகன் குடியும் அத்தகைய புரவலர் குடிகளுள் ஒன்று.

இக்குடியின் தோற்றத்தைப் பற்றிய கதை விந்தையானது. இவர்தம் முன்னோன் மொரைதிக்கு வார்வின் என்பவன், பிறக்கும்போதே கழுத்தில் பாம்பு சுற்றியிருக்கப் பிறந்தான் என்பர். 'வார்வின்' என்றால் வெண்கழுத்தன் என்று பொருள். அதனாலேயே வாகன் குடியின் கேடயப் பொறியில் மூன்று சிறுவர் தலைகளும், ஒவ்வொன்றின் கழுத்திலும் சுற்றிய பாம்பும் இடம்பெற்றன. கதை முன் பிறந்ததா, பொறி முன் பிறந்ததா? உலகெங்கும் உயர்குடிகள் தம் பிறப்புக்கு ஒரு வியப்பைக் கற்பித்துக் கொண்டதுண்டு. அறிவுடையார் அதனை வரலாறாகக் கொள்ளார். அக்காலத்தார் எதை மேன்மை எனக் கருதினர் என்பதற்கு மட்டும் அதனைச் சான்றாகக் கொள்வர்.

கதை நீங்கி வரலாற்றுக்கு வருவோர் கண்டறியும் செய்தி கசப்பானது. 1400ஆம் ஆண்டில் ஓவைன் கிளிண்டூர் என்னும் மறவன் கம்ரி நாட்டின் விடுதலைக்கு வாளேந்தினான். நாடே அவன்பின் எழுந்தது. ஆங்கிலப் பாராளுமன்றம் 1402இல் கம்ரி மக்கள்மீது கொடுஞ்சட்டங்களைச் சுமத்தியது. அந்த நேரத்தில் பிரெக்கான் பகுதியின் தாவித்து காம் என்பவன் யார் பக்கம் நின்றான்? இங்கிலாந்து மன்னன் பக்கமே நின்றான். 'காம்' என்றால் மாறுகண்ணன். உடலின் கண் மட்டுமன்று, உள்ளத்தின் கண்ணும் மாறி நோக்கியது போலும்! 1412இல் ஓவைனின் ஆட்கள் அவனைச் சிறைப்பிடித்துப் பெரும்பொருள் பெற்றபின் விடுத்தனர்.

அந்தத் தாவித்தின் மகள் குவ்லாதிசு. அவளை மணந்தவனே உரோசர் வகன். 1415இல் பிரெஞ்சு மண்ணில் அசின்கோர்ட்டுப் போரில் மாமனும் மருமகனும் ஆங்கில மன்னனுக்காகப் போரிட்டு வீழ்ந்தனர் என்பது வழிவழிச் செய்தி. சாகுந் தறுவாயில் மன்னன் அவர்கட்குப் போர்க்களத்திலேயே மறவர் பட்டம் சூட்டினான் என்று கதை கூறும். சேக்சுபியரின் 'ஐந்தாம் என்றி' நாடகத்தில், வீழ்ந்தோர் பட்டியலில் தாவித்தின் பெயரும் வருகின்றது. ஆங்கிலப் பெரும்பாவலனின் நாடகத்தில் அவனுக்குக் கிடைத்தது ஒரே ஒரு பெயர்க் குறிப்பு! அயலான் போரில் உயிரீந்தவனுக்கு அயலான் ஏடு தந்த இடம் அவ்வளவே.

கைம்பெண்ணான குவ்லாதிசு, பின்னர் இராக்லன் கோட்டைத் தலைவன் வில்லியம் ஆப் தாமசை மணந்தாள். முதல் மணத்தில் பிறந்த வாட்கின், தாமசு, உரோசர் என்னும் மூவரும், இரண்டாம் மணத்தில் பிறந்தாரும் உடன்பிறப்பன்போடு வளர்ந்தனர். புலவர்களைப் பேணியதில் இவ்வம்மை தலைசிறந்தவள். இலெவிசு கிளின் கோத்தி என்னும் பெரும்புலவர் இவளை அபர்கவென்னி ஊரின் விண்மீன் எனப் பாராட்டினார். 1454இல் இவள் மறைந்தபோது மூவாயிரம் பேர் உடலைப் பின்தொடர்ந்தனர் என்பர். அபர்கவென்னிக் கோயிலில் கணவனும் மனைவியும் கற்சிலைகளாய்க் கிடக்கும் கல்லறையை இன்றும் காணலாம்.

அம்மூவர் வாழ்வும் குருதியில் முடிந்தது. மூத்தவன் வாட்கின் 1456இல் கொலையுண்டான். அவன் தம்பியான வில்லியம் எர்பர்ட்டும் உறவினரும் எரிபோர்டு நகருள் படையோடு புகுந்து, உசாவல் நடத்தச் செய்து, குற்றஞ் சாட்டப்பட்டவர்களைத் தூக்கிலேற்றினர். பழிக்குப் பழி என்பதே அக்காலத்து முறையாக இருந்தது.

இளையவன் உரோசருக்குத் திரெட்டவர் மாளிகை கிடைத்தது. இங்கிலாந்தின் முடிக்காக யார்க்குக் கட்சியும் இலங்காசுட்டர்க் கட்சியும் பொருத காலம் அது. வாகன் உடன்பிறப்புகள் யார்க்குக் கட்சியில் நின்றனர். 1461இல் மார்ட்டிமர்சு கிராசுப் போரில் பிடிபட்ட ஓவன் தியூடர் எரிபோர்டில் தலை கொய்யப்பட்டான். அவனைக் கொலைக்களத்துக்கு நடத்திச் சென்றவன் இந்த உரோசரே என்பர். பத்தாண்டுகள் கழிந்தன. 1471இல் உரோசர், ஓவனின் மகன் சாசுபர் தியூடரிடம் செப்சுட்டோவில் சிக்கினான். 'என் தந்தைக்கு நீ காட்டிய இரக்கத்தையே உனக்கும் காட்டுவேன்' என்னும் கருத்துப்பட மொழிந்து சாசுபர் அவன் தலையை வாங்கினான் என்பது கதை. கொன்றவனும் கம்ரியன்! கொலையுண்டவனும் கம்ரியன்! இருவரும் எவர் முடிக்காகப் பொருதனர்? இங்கிலாந்தின் முடிக்காக!

நடுவண் பிறந்த தாமசு, எல்லைப்புறத்துக் கிங்டன் ஊரையடுத்த எர்கெசுட்டு மாளிகையில் வாழ்ந்தான். அவன் மனைவி எலன் கெத்தின். 'கெத்தின்' என்பது கொடியவள் என்னும் கருத்தில் அவட்கு வழங்கிய அடைமொழி. அப்பெயர் வந்த கதையை எல்லைப்புற மக்கள் இன்றும் சொல்வர். அவள் உடன்பிறந்தானை உறவினன் ஒருவன் சண்டையில் கொன்றுவிட்டான். செய்தி கேட்டவள் அழுதுகொண்டு அமரவில்லை. ஆடவர் உடை பூண்டாள். கொன்றவன் கலந்துகொண்ட வில்விழாவுக்குச் சென்றாள். தன் முறை வந்தபோது வில்லை வளைத்தாள். அம்பு இலக்கைத் தைக்கவில்லை. பக்கத்தே நின்ற பகைவனின் நெஞ்சைத் தைத்தது. கூட்டம் திகைத்து நிற்கையில் அவள் மறைந்து போனாள்.

1469இல் எட்சுக்கோட்டுப் போர் நிகழ்ந்தது. வில்லியம் எர்பர்ட்டின் தலைமையில் திரண்ட கம்ரிப் படை அங்கே நொறுங்கியது. தாமசு களத்தில் உயிரிழந்தான். எர்பர்ட்டும் அவன் தம்பி இரிச்சர்டும் பிடிபட்டுத் தலை கொய்யப்பட்டனர். கம்ரிப் புலவர்கள் அத்தோல்வியை ஒரு கட்சியின் தோல்வியாகப் பாடவில்லை. தம் நாட்டுக்கே நேர்ந்த பேரிழப்பாகப் பாடினர். தாமசுக்குக் கையறுநிலை பாடியவர் இலெவிசு கிளின் கோத்தி. எலன் தன் கணவனுக்குக் கிங்டன் கோயிலில் கல்லறை அமைத்தாள். இருவர் உருவமும் வெண்கல்லில் அருகருகே அங்குக் கிடக்கின்றன.

அவையோரே! இங்கே நின்று கருதத் தக்க செய்தி ஒன்றுண்டு. புலவர் பாட்டில் தாமசு யார்? விருந்தோம்பும் வள்ளல், மறவர் தலைவன். கிங்டன் மக்களின் வாய்க்கதையில் அவன் யார்? பேய்! 'கரிய வாகன்' என்னும் கொடும்பேய்!

அக்கதை இது: இறந்தவன் அமைதியாய்க் கிடக்கவில்லையாம். பட்டப்பகலில் வண்டிகளைக் கவிழ்த்தானாம். ஈயாக உருமாறிக் குதிரைகளைக் கடித்து வெருட்டினானாம். காளையாக உருக்கொண்டு கோயிலுக்குள்ளேயே புகுந்தானாம். வெருண்ட மக்கள் சந்தைக்கு வருவதையே நிறுத்த, ஊர் வணிகம் படுத்தது. இறுதியில் பன்னிரண்டு மறைப்பணியாளர் பன்னிரண்டு மெழுகுத்திரிகளோடு கூடினர். பிள்ளை பெற்ற தாய் ஒருத்தியும் தன் பச்சிளங் குழந்தையோடு அங்கு நின்றாள். மறைமொழியை ஓத ஓதப் பேய் சிறுத்துக்கொண்டே வந்தது. ஆனால், திரிகள் ஒவ்வொன்றாய் அணைந்தன. ஒருவர் திரி மட்டும் அணையவில்லை. அவர் சற்றுக் குடித்திருந்தாராம். அதனால் அச்சம் அறியாமல் ஓதிக்கொண்டே இருந்தாராம்! பேய் ஈயளவாய்ச் சிறுத்தது; அதனை மூக்குப்பொடிச் சிமிழ் ஒன்றில் அடைத்து, எர்கெசுட்டுக் குளத்தின் அடியில் புதைத்து, மேலே பெருங்கல்லை வைத்துவிட்டனர். ஆயிரம் ஆண்டுகட்கு அது வெளிவாராதாம். எல்லா மேரி இலெதர் என்னும் அம்மையார் 1912இல் வெளியிட்ட எரிபோர்டு வட்டார நாட்டார் கதைத் தொகுப்பில் இக்கதை இடம்பெற்றுள்ளது. அக்குடியில் ஒருவர் இறக்குமுன் கருநாய் ஒன்று தோன்றும் என்பதும் அவ்வூர்க் கதைகளுள் ஒன்று.

அறிவுக்கண் கொண்டு நோக்குவார்க்கு இக்கதையின் அகவை உடனே விளங்கும். சிமிழ் எதற்கு? மூக்குப்பொடிக்கு. பொடி எதனால் ஆவது? புகையிலையால். அமெரிக்கக் கண்டத்தை ஐரோப்பியர் அடைந்தது 1492இல். அதற்குப் பின்னரே புகையிலை அவர்கட்குத் தெரிந்தது. தாமசு மாண்டதோ 1469இல்! ஆகவே, அச்சிமிழ் கதைக்குள் நுழைந்தது அவன் இறந்து நெடுங்காலம் கழித்தே. அவனைக் கண்ணாற் கண்டவர் சொன்ன கதையன்று இது. அவனை அறியாதவர் கட்டிய கதை.

அறியாமற் போனது எதனால்? அவனைப் பாடிய பாட்டுகள் கம்ரி மொழியில் இருந்தன. கிங்டன் வட்டாரமோ காலப்போக்கில் ஆங்கிலமே வழங்கும் நிலமாயிற்று. பாட்டு இருந்தது, படிப்பார் இல்லை. கல்லறையில் சிலை இருந்தது. சிலைக்குரியவன் செய்த நன்மையைச் சொல்லும் மொழி அவ்வூரார் நாவில் இல்லை. சொல் மறைந்த இடத்தைக் கற்பனை நிரப்பிற்று. வள்ளல் பேயானான்! ஒரு மொழி ஒரு மண்ணைவிட்டு நீங்கும்போது சொற்கள் மட்டும் நீங்குவதில்லை. அம்மண்ணில் வாழ்ந்தவர்களின் உண்மை முகமும் உடன் நீங்கிவிடுகின்றது.

பெயரிழப்பின் தொடக்கமும் அக்காலத்திலேயே காணப்படுகின்றது. கம்ரி முறைப்படி ஒருவன் தன் பெயரோடு 'ஆப்' என்னும் சொல்லைச் சேர்த்துத் தந்தை பெயரைச் சொல்வான். ஆப் என்றால் மகன். குவ்லாதிசின் மகன் வில்லியமோ தந்தை பெயரைத் தொடராது 'எர்பர்ட்டு' என்னும் குடிப்பெயரைப் பூண்டான். 1468இல் அவன் ஆர்லெக்குக் கோட்டையைக் கைப்பற்றியபோது, கிட்டோர் கிளின் என்னும் புலவர் அவனை வாழ்த்தினார். வாழ்த்தோடு அறிவுரையும் சொன்னார். வென்ற நிலத்தின்மேல் வரியைச் சுமத்தாதே. ஆங்கிலனுக்கு அங்கே அலுவல் தராதே. நாட்டின் பகுதிகளை ஒன்றாக்கு என்பது அப்பாட்டின் கருத்து. அவ்வளவு துணிவு அப்புலவர்க்கு இருந்தது. ஆனால், அடுத்த ஆண்டே எர்பர்ட்டின் தலை நார்த்தாம்டனில் உருண்டது.

1485இல் ஓவன் தியூடரின் பேரன் ஏழாம் என்றியாக இங்கிலாந்தின் அரியணை ஏறினான். தம் குருதி அரசாள்கிறது எனக் கம்ரி மக்கள் மகிழ்ந்தனர். நிகழ்ந்தது என்ன? ஓவனின் கொள்ளுப்பேரனான எட்டாம் என்றியின் ஆட்சியில், 1536இலும் 1543இலும் வேல்சை இங்கிலாந்தோடு இணைக்கும் சட்டங்கள் பிறந்தன. முறைமன்றங்களில் ஆங்கிலமே வழங்கவேண்டும். கம்ரி மொழி மட்டும் அறிந்தவன் அரசு அலுவல் பெறலாகாது என 1536ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. ஆங்கில முறைக் குடிப்பெயர்களும் பரவின. 'ஆப் இரீசு' என்பது 'பிரைசு' ஆயிற்று. 'ஆப் அவெல்' 'பவெல்' ஆயிற்று. 'ஆப் ஆரி' 'பாரி' ஆயிற்று. மகன் என்னும் சொல் ஓர் ஒற்றெழுத்தாய்த் தேய்ந்து, அடையாளம் தெரியாமல் ஒட்டிக்கொண்டது. நிலக்கிழார் குடிகள் அலுவலை நாடி ஆங்கிலத்தை நாடின. திரெட்டவர்க் கிளையில் 1621இல் பிறந்த என்றி வாகன் உயர்ந்த பாவலரே; ஆனால் அவர் புகழ்பெற்றது ஆங்கிலப் பாட்டால்! எந்த மாளிகையைக் கம்ரிப் புலவர் பாடினரோ, அந்த மாளிகையின் கால்வழியே ஆங்கில இலக்கியத்துக்குப் பாவலரை ஈந்தது.

அங்ஙனமாயின், இக்குடி தன் மொழிக்குச் செய்த நன்மை ஏதும் இல்லையா? உண்டு, அளவிறந்த நன்மை உண்டு. ஏறத்தாழ 1382க்கும் 1410க்கும் இடையில், அபர்தாவே ஊரை அடுத்த பகுதியில் வாழ்ந்த ஓப்கின் ஆப் தோமசு என்னும் மொழியன்பர் ஒரு பெருந்தொகுப்பை எழுதுவித்தார். தோலேடுகள் 362 கொண்டது அது. எழுதியவர்களுள் தலையாயவர் அவெல் வகன் என்பார், அவர் பெயரில் வரும் 'வகன்' வெறும் அடைமொழியே, இக்குடியினர் அல்லர். 'மாபினோகியன்' என்று இன்று உலகம் போற்றும் பழங்கதைகள், அரசவைப் புலவர் பாட்டுகள், நாட்டு வரலாறு, யாப்பிலக்கணம், மித்வை ஊர் மருத்துவரின் மருத்துவக் குறிப்புகள் எனப் பலவும் அதிலுண்டு. 1465ஐ ஒட்டி ஓப்கினின் பேரன் அரசனை எதிர்த்து உடைமை இழந்தான். அவ்வழியே அப்பொத்தகம் திரெட்டவர் வாகன்கள் கைக்கு வந்தது என ஆய்வாளர் கருதுவர். அங்கிருந்தபோது உரோசரின் மகன் தாமசையும் அவன் மக்களையும் போற்றி இலெவிசு கிளின் கோத்தி பாடிய பாட்டுகளும் அதில் எழுதப்பெற்றன. பின்னர் அஃது எர்கெசுட்டு மாளிகையை அடைந்தது. செந்நிறத் தோலட்டை பூண்ட அப்பொத்தகத்துக்கு 'எர்கெசுட்டுச் செம்பொத்தகம்' என்பதே இன்றுவரை பெயர்.

'எர்கெசுட்டு வெண்பொத்தகம்' என இன்னொன்றும் இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டனில் அது தீக்கிரையாயிற்று. செம்பொத்தகமோ 1701இல் ஆக்சுபோர்டு இயேசு கல்லூரிக்கு அளிக்கப்பெற்று, போட்லியன் நூலகத்தில் காக்கப்பெற்று வருகின்றது. 1838 முதல் 1849 வரை சார்லட்டுக் கெசுட்டு என்னும் ஆங்கில அம்மையார் அக்கதைகளை ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டார். அவர் கம்ரி மொழியைக் கற்று, அப்பணியைச் செய்தார். எந்த மொழியை முறைமன்றத்தினின்று துரத்தினரோ, அந்த மொழியின் கதைகளைக் கேட்டு ஐரோப்பா வியந்தது!

கம்ரி மொழி அழிந்துவிடவில்லை. 1588இல் வில்லியம் மார்கன் விவிலியத்தை முழுமையாக அம்மொழியில் தந்தார். அது மக்கள் நாவில் மொழியை நிறுத்திற்று. 1962இல் சாண்டர்சு இலெவிசு வானொலியில் தம் மொழியின் எதிர்காலம் பற்றி ஆற்றிய உரை இளைஞரைத் தட்டி எழுப்பிற்று. 2011ஆம் ஆண்டுச் சட்டம் அம்மொழிக்கு வேல்சில் அலுவல்மொழி நிலையை உறுதி செய்தது. ஆயினும், 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அம்மொழி பேச வல்லார் ஏறத்தாழ 5,38,000 பேரே, மக்கள்தொகையில் 17.8 விழுக்காடு. சட்டம் கதவைத் திறக்கும். உள்ளே நுழைந்து வாழவேண்டியவர் மக்களே.

அவையோரே! வாகன் குடியார் ஆங்கில மன்னர்க்காகச் சுழற்றிய வாள் துருப்பிடித்துப் போயிற்று. அவர் பெற்ற பட்டங்கள் ஏட்டில் உறங்குகின்றன. கேடயப் பாம்பு கதையாய் நின்றது. எர்கெசுட்டுத் தலைவன் பேயாய்த் திரிந்தான். அழியாமல் நின்றது எது? புலவர்க்கு அவர் இட்ட சோறும், அவர் கூடத்தில் ஒதுங்கிக் கிடந்த ஒரு செம்பொத்தகமுமே! அரசர்க்கு உழைத்த உழைப்பு அவர்களைக் காக்கவில்லை. மொழிக்குச் செய்த சிறு தொண்டு காத்தது. பெயரை அயலார் திரித்தாலும், பொத்தகத்தைத் திறப்பார் உள்ளவரை உண்மைப் பெயர் அதனுள் இருக்கும். திறப்பதற்கு அம்மொழி அறிந்த ஒரு கை வேண்டும்; படிப்பதற்கு அம்மொழி அறிந்த ஒரு நா வேண்டும். அவ்வளவே வேண்டும், அது குறைந்தால் வள்ளலும் பேயே!